உக்காரு பெருசு

அதை அரங்கம் என்று சொன்னால் அரங்கங்களுக்கே கோபம் வரும். சாக்ரமென்டோவுக்கு வடக்கே தக்காளி வயலுக்கு நடுவில் அவசர அவசரமாக எழுப்பிய பெரிய கொட்டகை அது. வேறொரு ஊர் வைத்துக் காப்பாற்ற முடியாமல் கைகழுவிய கூடைப்பந்து அணி ஒன்று இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. அதற்குச் சொந்த வீடு கட்டி முடிகிற வரைக்கும் ஒண்டிக்கொள்ள ஒரு இடம் வேண்டுமே, அதற்காகக் கட்டினார்கள். இது தற்காலிகம்தான் என்று முதலிலேயே சொல்லியும்விட்டார்கள். அணி அங்கே மூன்று பருவம் ஆடியது. ஆடியது என்பதைவிட அடி வாங்கியது என்று சொல்லலாம். ஆனாலும் ஒரு நாளாவது ஒரு நாற்காலி காலியாகக் கிடந்ததா? கிடையாது. அப்படிப்பட்ட கிறுக்கு ஜனம். பலகைத் தளத்தை அத்தனை பேரும் சேர்ந்து காலால் உதைத்தால், எதிரணிக்காரன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்ப்பான், தலையில் விழுந்துவிடுமோ என்று.

பிறகு நிரந்தர அரங்கம் வந்தது. அணி அங்கே போனதும் இந்தக் கொட்டகைக்குள் சுவர் எழுப்பி, மாடி போட்டு, கம்பளம் விரித்து அலுவலகமாக்கினார்கள். பந்து குதித்த இடத்தில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். இப்போது அவர்களும் காலி செய்துவிட்டுப் போயாயிற்று. அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் பழைய ரசிகர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இடத்துக்குச் சொந்தக்காரர்கள் பெரிய மனது பண்ணியிருந்தார்கள்.

எல்லாரும் பழசைப் பேசிச் சிரித்துவிட்டுப் போக வந்தார்கள். ஒடீலியா ஒரு ஆளைத் தேடி வந்தாள். அவளுடைய அப்பா அமாரோ ஃபுர்ட்டாடோ இந்தக் கொட்டகைக்குள்தான் செத்துப்போனார்.

அமாரோ போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து வந்து ஆயுள் முழுக்க அடுத்தவன் மாட்டைக் கறந்தவர். மனைவி போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனை ஒடீலியாதான் முதல் ஆட்டத்துக்கு இழுத்து வந்தாள். விதிமுறை ஒன்றும் புரியாமல்தான் உட்கார்ந்திருந்தார். பாதி ஆட்டத்தில் எழுந்து நின்று நடுவரை போர்ச்சுகீசிய மொழியில் கழுவி ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அதோடு பிடித்தது பைத்தியம். அப்பாவுக்கும் மகளுக்கும் கீழ்வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பருவம் முழுக்க அதே இடம்.

அந்த ஒரு நாள்தான் இடம் மாறியது. லாஸ் ஏஞ்சலஸ்காரர்களோடு ஆட்டம். ஒடீலியாவுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்டு, அவள் நர்ஸ். அமாரோ, வீட்டுக்கு வந்திருந்த தன் தங்கை மகனுக்கும் அவனுடைய புது மனைவிக்கும் கீழ்வரிசை டிக்கெட் இரண்டையும் கொடுத்துவிட்டு, "நான் ஒத்தை ஆளு, எங்க நின்னு பாத்தா என்ன" என்று வாசலில் விற்றவனிடம் மேல் மூலையில் ஒரு இடம் வாங்கிக்கொண்டு ஏறிப்போனார். அன்றைக்கு நம்முடைய அணி, நம்ப முடியுமா, ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. ஊரே தெருவில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை.

அடக்கத்தன்று பாதிரியார் ஒடீலியாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். அரங்கத்தில் இடம் காட்டுகிற ஊழியர் ஒருவர் அவரைத் தேடிவந்து சொன்னாராம். "உன் அப்பா தனியா சாகலம்மா. பக்கத்துல நின்ன ஒருத்தர் கடைசி வரைக்கும் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாராம்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒடீலியா இத்தனை வருடம் நடமாடினாள். சாகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்வது அவளுக்கு வேலை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர முடியாத நேரத்தில் அவர்களுக்குப் பதிலாக அவள் பிடித்திருக்கிறாள். தன் அப்பாவுக்கு மட்டும் முடியவில்லை. அதை வேறு எவரோ செய்திருக்கிறார். பேர் தெரியாத அந்த மனுஷனுக்காக அவள் ஜெபமாலை உருட்டாத நாள் கிடையாது. நேரில் தேடிப்போகத்தான் தைரியம் வரவில்லை. அந்தக் கட்டடத்தைக் கடக்காமல் காரில் சுற்றுவழியில்தான் போவாள். இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் திடுக்கென்றது. இதை விட்டால் மேல் மூலைக்காரர்களை எங்கே போய்ப் பிடிப்பது? அந்த ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் அவளால் கண்ணை மூட முடியாது.

முந்தின நாளே மாவு பிசைந்து அப்பாவுக்குப் பிடித்த இனிப்பு ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். தன் மகள் வாங்கிக் கொடுத்திருந்த பனியனை மாட்டிக்கொண்டாள். 'உக்காரு பெருசு' என்று மாரில் கொட்டை எழுத்தில் போட்ட பனியன். இந்த ஊரில் அது இல்லாத வீடு குறைச்சல். ஆட்டம் இழுபறியாகிக் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டால், நின்றுகொண்டிருக்கிற மொத்தக் கூட்டமும் "உக்காரு பெருசு!" என்று கத்திக்கொண்டு ஒரே நேரத்தில் தொப்பென்று உட்காரும். உட்கார்ந்தால் பந்து கூடையில் விழும் என்று ஒரு ராசி. ஏன், எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அரங்கம் மாறியும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஒடீலியாவே வீட்டில் டிவிக்கு முன்னால் பிள்ளைகளோடு சேர்ந்து கத்தியிருக்கிறாள், சோபாவே உடைகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியே மதியத்திலும் மூடுபனி விலகவில்லை. உள்ளே கூரையிலிருந்து ஒயர்கள் தொங்கின, கம்பளம் ஈரநாற்றம் அடித்தது. பழைய இருக்கைப் பகுதிகளின் எண்களை அட்டையில் எழுதி, அதது இருந்த இடத்துக்கு நேராகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவரவர் அட்டைக்குக் கீழே அவரவர் கும்பல். நரைத்த தலையும் ஊன்றுகோலுமாக, ஆனால் பேச்சு மட்டும் அன்றைக்கு மாதிரியே. கீழ்வரிசை அட்டைக்குக் கீழே நின்ற தெரிந்த முகங்கள் கை காட்டின. ஒடீலியா நிற்காமல் கடைசி மூலைக்குப் போனாள்.

மூலையில் ஏழெட்டுப் பேர் மடக்கு நாற்காலிகளில் இருந்தார்கள். நடுவில் ஒரு நெட்டையான கறுப்பினப் பெரியவர் உட்காராமல் நின்றுகொண்டு கதையளந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்கம்மா, வாங்க! மூலை ஆளா நீங்க? மூஞ்சி பிடிபட மாட்டேங்குதே. நான் ராஸ்கோ. இந்த ஊர்ல பாதிப் பேரை பஸ்ல ஏத்தி இறக்கினவன்."

"நான் கீழ உக்காந்தவ."

"அடேயப்பா!" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த குண்டம்மா. அவள் பேர் வில்மா. "கீழ்வரிசைப் பெரிய மனுசங்களுக்கு இப்பத்தான் மேல ஆளுங்க இருக்கோம்னு தெரிஞ்சிருக்குப்பா. அன்னைக்கு ஒருத்தராவது கழுத்தைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"வந்தவங்களை வம்புக்கு இழுக்காத வில்மா."

"நீ சும்மா இரு. அவங்க கையில பொட்டலம் இருக்கு. நான் அதுக்குத்தான் அடி போடுறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒடீலியாவும் சிரித்துவிட்டாள். எத்தனை நல்ல ஜனங்கள் என்று நினைத்தாள். இவர்களுக்கு நடுவில்தான் அப்பா போயிருக்கிறார், அது ஒரு கொடுப்பினைதான் என்று நினைத்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். வில்மா பிளாஸ்டிக் கத்தியால் ரொட்டியைத் துண்டு போட்டு ஆளாளுக்குக் கொடுத்தாள்.

"லாஸ் ஏஞ்சலஸ்காரங்களை ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோமே," என்று ஒடீலியா மெதுவாகத் தொடங்கினாள். "அன்னைக்கு இங்க இருந்தீங்களா நீங்க?"

"இருந்தோமாவா!" ராஸ்கோ வாயில் ரொட்டியோடு தொடையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! அன்னைக்கு உள்ள இருந்தது பத்தாயிரம் பேரு. இப்ப ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, லட்சம் பேர் நான் இருந்தேன் நான் இருந்தேன்றான். நாங்க நெசமாவே இருந்தோம்."

"அன்னைக்கு இங்க ஒருத்தர்..."

"இருங்க, இருங்க. நீங்க போட்டிருக்கீங்களே பனியன்," என்று ராஸ்கோ அவள் மாரைக் காட்டினார், "இந்த வார்த்தை எங்க பொறந்துச்சு தெரியுமா? ஊருக்கே தெரியாது. இந்த மூலையில பொறந்துச்சு. பெத்தவன் நான்."

"ஆரம்பிச்சுட்டாரு," என்றாள் வில்மா. "இதைச் சொல்லாம இவருக்குச் சோறு இறங்காது."

"அவங்களுக்குத் தெரிய வேணாமா? கேளுங்கம்மா. அன்னைக்கு எங்க வரிசையில ஒரு கெழவரு. புது ஆளு, தனியா வந்திருந்தாரு. கம்பளித் தொப்பி. வேர்க்கடலைப் பொட்டலத்தை வரிசை முழுக்க நீட்டினாரு."

"தங்கமான மனுசன்," என்றாள் வில்மா. "என் நாற்காலில எவனோ பீரைக் கொட்டிட்டான். தன் கைக்குட்டையால தொடச்சுக் குடுத்தாரு."

அவரேதான். அந்தக் கைக்குட்டைகளை இஸ்திரி போட்டு வைத்தவள் ஒடீலியா. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ராஸ்கோ எங்கே விட்டார்?

"கடைசி நாலு நிமிஷம். பத்து பாயிண்ட் பின்னால கெடக்கோம். எல்லாரும் நிக்கிறோம். திடீர்னு இந்தக் கெழவரு தொப்புனு உக்காந்துட்டாரு. உக்காந்தாரா, நம்மாளு தூரத்துல இருந்து எறிஞ்சான், விழுந்துச்சு. அடுத்ததும் விழுந்துச்சு. நான் வில்மாவப் பாத்தேன், வில்மா என்னையப் பாத்தா. அடடா, இந்தாளு உக்காந்ததுதான்டா ராசின்னு புரிஞ்சுபோச்சு! அப்பன்னு பாத்து அவரு எந்திரிக்கப் பாக்குறாரு. முன் நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு, வாயத் தொறந்து என்னமோ சொல்லிக்கிட்டு எந்திரிக்கப் பாக்குறாரு. விடுவேனா? 'உக்காரு பெருசு, உக்காரு! நீ எந்திரிச்சா தோத்துருவோம்'னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க. மொத்த மூலையும் பிடிச்சுக்கிச்சு. உக்காரு பெருசு, உக்காரு பெருசுன்னு காலை உதைச்சுக்கிட்டு அம்புட்டுப் பேரும்."

"அவர் என்ன சொன்னாரு?" என்று ஒடீலியா கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"யாருக்குக் கேட்டுச்சு? இங்கிலீசு மாதிரியும் இல்ல. உக்காந்துட்டாரு, அவ்வளவுதான். தலையச் சாச்சுக்கிட்டாரு. நடுவுல கண்ணாடி போட்ட ஊழியர் ஒருத்தர் வந்து, 'இவருக்கு உடம்பு சரியில்ல போலிருக்கே, நான் வெளிய கூட்டிட்டுப் போறேன்'னாரு. நல்லா இருக்கே! ஒவ்வொண்ணா விழுந்துக்கிட்டிருக்கு, அந்த நேரத்துல ராசிக்காரரக் கெளப்புறதாவது! நான் ஒரு கைய, எர்ல்னு ஒருத்தன் இருந்தான், அவன் ஒரு கைய, அந்த ஊழியரப் பிடிச்சு நிறுத்திட்டோம். 'யோவ், மணி அடிக்கட்டும், அதுவரைக்கும் இங்க ஒரு ஈ அசையக் கூடாது'ன்னோம். அவரும் கெஞ்சிப் பாத்தாரு பாவம்."

"அந்த நாலு நிமிஷம் எவ்வளவு நேரம் போச்சு?"

"நல்லா கேட்டீங்க போங்க! ஃபவுலு, டைம் அவுட்டுன்னு இழுத்து இழுத்து கால் மணி நேரம் போச்சு. உசிரே போயிருச்சு எங்களுக்கு."

கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் என்னென்ன செய்யலாம் என்று ஒடீலியாவுக்குத் தெரியும். நெஞ்சை அழுத்தலாம், மூச்சு ஊதலாம், வாசலில் நின்ற ஆம்புலன்ஸுக்கு இறக்கிக்கொண்டு போகலாம். இதைவிடக் குறைந்த நேரத்தில் அவளுடைய வார்டில் ஆட்களைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் மறுநாள் காலையில் கஞ்சி சரியில்லை என்று அவளோடு சண்டை போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை நினைக்காமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு வார்டில் ரேடியோவில் ஆட்ட வர்ணனை வைத்திருந்தாள். கடைசி நேரத்தில் எங்கோ மேலேயிருந்து அந்தக் கூச்சல் கேட்டது. வர்ணனையாளர்கூடச் சிரித்தார். ஒரு நோயாளிக்குத் தலையணையைச் சரி செய்துகொண்டே, "மேல எவனோ ஒரு கெழவனைப் போட்டு வறுத்தெடுக்குறாங்க" என்று அவளும் சிரித்தாள். சிரித்தாளே, பாவி!

ராஸ்கோ இன்னும் முடிக்கவில்லை. "மணி அடிச்சுது. ஜெயிச்சாச்சு! அந்தாளத் தோள்ல தூக்கி வெச்சு ஆடணும்னு திரும்பினா..." இங்கே மட்டும் அவர் குரல் இறங்கியது. "போயிட்டாரும்மா. ஆனா என்ன சாவு! ஜெயிச்ச அன்னைக்கு, ராஜா மாதிரி, பத்தாயிரம் பேரு கையத் தட்ட. எனக்கும் அப்படி ஒண்ணு வாய்ச்சா போதும்."

"கடைசியில அவர் கையை யாராவது பிடிச்சீங்களா?"

"கையா?"

"அவர் கையை. யாரோ பிடிச்சுக்கிட்டு இருந்ததாச் சொன்னாங்களே. நீங்களா? அந்த எர்லா? பக்கத்துல யார் நின்னது?"

ராஸ்கோ குழம்பிப்போய் வில்மாவைப் பார்த்தார். "அவரு பக்கத்துல யாரு நின்னா?"

"நான்தான் நின்னேன்," என்றாள் வில்மா. அவள் கொஞ்ச நேரமாகவே ஒடீலியாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ரொட்டித் துண்டை மடியில் வைத்துவிட்டாள். "யாரும் பிடிக்கலம்மா. நாங்க எல்லாரும் ஆட்டத்தப் பாத்துக்கிட்டிருந்தோம். ராஸ்கோ, போதும், வாய மூடு."

"ஏன், நான் என்ன..."

"வாய மூடுன்னேன்ல."

கையைப் பிடித்தார்கள் என்பது உண்மைதான். காப்பாற்ற வந்தவருடைய கையைப் பிடித்திருக்கிறார்கள். அதை எப்படிப் போய் ஒரு மகளிடம் சொல்வது? அந்த ஊழியர் பாவம், கெஞ்சியும் கேட்காத கூட்டத்துக்கு முன்னால் தோற்றுப்போய் நின்றவர், இரக்கப்பட்டு ஒரு பொய்யைச் சோடித்துப் பாதிரியாரிடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பொய்க்குத்தான் ஒடீலியா இத்தனை வருடம் ஜெபமாலை உருட்டியிருக்கிறாள். இல்லாத ஒரு மனுஷனுக்கு, இல்லாத ஒரு கைக்கு.

"அவர் எங்கப்பா," என்றாள்.

மற்ற அட்டைகளுக்குக் கீழே சிரிப்பும் கும்மாளமும் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. ராஸ்கோவின் நீண்ட உடம்பு நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தது. அவருக்கு வாய் கோணியது. இத்தனை வருடமாக, பார்க்கிறவர்களிடமெல்லாம், பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லிவந்த கதை அது. அவரிடம் இருந்த ஒரே நல்ல கதையும் அதுதானோ என்னமோ.

"எங்களுக்குத் தெரியாதும்மா," என்றார். "சத்தியமா தெரியாது. கெழவருக்குப் பதட்டம்னுதான் நெனச்சோம். நாங்க... ஜெயிக்கணும்னு... எப்பப் பாத்தாலும் தோத்துக்கிட்டே இருந்தோம்ல, அதனால ஒரே ஒரு தடவை..."

கோபம் வரும் என்று ஒடீலியா எதிர்பார்த்தாள். கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும், இந்த ஆளின் சட்டையைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கியிருக்கலாம். ஆனால் அவரைப் பார்க்கப் பார்க்க, இழுபறி ஆட்டங்களில் கீழ்வரிசையில் தானும் அப்பாவும் நின்ற விதம்தான் ஞாபகம் வந்தது. காலை மாற்றி வைக்கக்கூடப் பயந்துகொண்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, ஒருவர் தும்மினால் மற்றவர் முறைத்துக்கொண்டு. பக்கத்தில் வேறு ஒரு கிழவர் உட்கார்ந்து, பந்து விழுந்து, அவர் எழுந்திருக்கப் பார்த்திருந்தால் அப்பா என்ன கத்தியிருப்பார்? இதையேதான் கத்தியிருப்பார். அவளும்தான். இதை யார் மேல் போட்டுத் தீர்ப்பது? அவளுக்கு அழக்கூட வரவில்லை.

"அவர் பேரு என்னம்மா?" என்று ராஸ்கோ கேட்டார். கண்ணீர் அவர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. "பேரையாவது சொல்லுங்க. இத்தனை நாளு பேரு தெரியாமயே..."

"பெருசுன்னே கூப்பிட்டீங்கல்ல. அதுவே இருக்கட்டும்."

பனியனை மறைத்துக் கோட்டை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டாள். ஒரு பொத்தான் துளைக்குள் போகாமல் நழுவி நழுவி வந்தது. வில்மா நாற்காலியை விட்டு முக்கி எழுந்து வந்தாள். மெள்ள ஒடீலியாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சூடான, கனமான, நல்ல கை.

ஒடீலியா அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் தன் கையை உருவிக்கொண்டாள்.